டெல்ஃபி வழக்கு: ஒரு செய்திக்குக் கீழே ஆறு வாரம் கிடந்த இருபது பின்னூட்டங்கள்

எஸ்டோனியாவின் பெரிய செய்தித் தளங்களில் ஒன்றான டெல்ஃபி, தன் வாசகர்கள் எழுதிய பின்னூட்டங்களுக்காக ஒருவருக்கு 5,000 குரோன் இழப்பீடு கொடுக்க வேண்டி வந்தது. யூரோ கணக்கில் 320. தொகை இவ்வளவுதான். ஆனால் வழக்கு 2006-இல் தொடங்கி 2015 வரை ஓடியது. உள்ளூர் நீதிமன்றத்தில் ஆரம்பித்து, ஸ்ட்ராஸ்பர்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரும் அமர்வில் 17 நீதிபதிகள் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் வரை போனது. 320 யூரோவைக் காப்பாற்ற யாரும் அவ்வளவு தூரம் போகமாட்டார்கள். வாசகர் எழுதியதற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாவோம் என்ற கேள்விக்கு ஒரு முடிவு வேண்டும் என்றுதான் டெல்ஃபி போனது.

தமிழில் செய்தித் தளமோ யூடியூப் சேனலோ நடத்துகிற பலர் இதைக் கேள்வியாகவே வைத்துக்கொள்வதில்லை. கமென்ட் போட்டவன் பொறுப்பு, நமக்கு அதில் சம்பந்தமில்லை என்று முடிந்துபோன விஷயமாகச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். அந்தப் பதில் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை இவ்வளவு விவரமாகச் சோதித்துப் பார்த்த வழக்கு வேறு எனக்குத் தெரிந்து இல்லை, அதனால்தான் இதை முழுசாக எடுத்து எழுதுகிறேன். சட்ட நுணுக்கத்தைவிட, டெல்ஃபியின் பின்னூட்டப் பகுதி எப்படி வேலை செய்தது, எங்கே கைவிட்டது என்பதைத்தான் அதிகம் பார்க்கப் போகிறேன்.

பனிப்பாதை

முதலில் அந்தச் செய்தி. எஸ்டோனியாவுக்கு மேற்கே பால்டிக் கடலில் சாரேமா, ஹீயுமா, முஹு என்று தீவுகள் இருக்கின்றன. குளிர்காலத்தில் இடைப்பட்ட கடல் உறைந்து போதுமான அளவு கெட்டியானால், அரசே அதன் மேல் பாதை குறித்து, கார்கள் போகத் திறந்துவிடும். நிலப்பகுதியிலிருந்து ஹீயுமாவுக்குப் போகும் பனிப்பாதை சுமார் 26 கிலோமீட்டர். அதில் ஓட்டுவதற்குத் தனி விதிகள் உண்டு: சீட் பெல்ட் போடக்கூடாது, பனி உடைந்தால் உடனே வெளியே குதிக்க வேண்டும் என்பதற்காக, மெதுவாகப் போனால் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், வேகமாகப் போனால் 40-லிருந்து 70-க்குள், நடுவில் இருக்கிற வேகத்தில் போனால் பனிக்கு அடியில் தண்ணீர் அலையெழுப்பிப் பாதையையே உடைத்துவிடும். தீவுக்காரர்களுக்கு இது பெரிய விஷயம். கப்பல் டிக்கெட் காசு மிச்சம், நேரமும் மிச்சம்.

2006 ஜனவரி 24 அன்று டெல்ஃபி வெளியிட்ட செய்தியின் சாரம் இதுதான்: தீவுகளுக்குக் கப்பல் விடும் நிறுவனம் தன் கப்பல்களின் வழியை மாற்றியதால், பனிப்பாதை அமையவிருந்த இடத்தில் பனி உடைந்துவிட்டது, பாதை திறப்பது சில வாரம் தள்ளிப்போகிறது. மக்களுக்கு மலிவான வழியைக் காசு வாங்கும் கப்பல் கம்பெனியே உடைத்துவிட்டது என்று படித்தால் யாருக்கும் கோபம் வரும், வந்ததில் தப்பும் இல்லை. செய்தியை எழுதிய விதத்தில் குறையொன்றும் கிடையாது. நிறுவனத்தின் பக்கமும் கேட்டு எழுதியிருந்தார்கள், கடுஞ்சொல் எதுவும் இல்லை, பின்னால் நீதிமன்றங்களும் அதை ஒப்புக்கொண்டன.

செய்திக்குக் கீழே இரண்டு நாளில் 185 பின்னூட்டங்கள் வந்தன. அதில் பெரும்பாலானவை கோபம், புலம்பல், கேலி என்று வழக்கமாக இருப்பவை. சுமார் 20 மட்டும் வேறு ரகம். அந்த நிறுவனத்தின் முக்கியப் பங்குதாரர் ஒருவரை (தீர்ப்புகளில் அவர் 'எல்.' என்று மட்டும் குறிக்கப்படுகிறார், நானும் அப்படியே எழுதுகிறேன்) குறிவைத்து எழுதப்பட்டவை: கொல்லச் சொல்லித் தூண்டுபவை, சொந்தக் கப்பலிலேயே எரிந்து சாகச் சொல்பவை, யூதர் என்று இழித்து வைபவை.

அவை அங்கேயே கிடந்தன. மார்ச் 9 அன்று எல்.-இன் வழக்கறிஞர்கள் கடிதம் அனுப்பி, இவற்றை நீக்க வேண்டும், 5 லட்சம் குரோன் (ஏறக்குறைய 32,000 யூரோ) இழப்பீடும் வேண்டும் என்று கேட்டார்கள். டெல்ஃபி அன்றைக்கே அத்தனையையும் நீக்கியது. இழப்பீடு தர முடியாது, சொன்னவுடன் நீக்கிவிட்டோம், எங்கள் கடமை முடிந்தது என்று சில நாள் கழித்துப் பதில் எழுதியது. ஜனவரி 24-க்கும் மார்ச் 9-க்கும் நடுவில் ஆறு வாரம் இருக்கிறது. வழக்கே அந்த ஆறு வாரத்தைப் பற்றியதுதான் என்று நான் நினைக்கிறேன்.

டெல்ஃபியிடம் என்ன ஏற்பாடு இருந்தது

டெல்ஃபி ஒன்றும் செய்யாமல் இருந்த தளம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்தக் காலத்து அளவில் பார்த்தால் பலரைவிட நன்றாகவே ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒரு நாளைக்கு 330 செய்தி வரை போடும் தளம், நாளொன்றுக்குச் சுமார் 10,000 பின்னூட்டங்கள் வரும், பெரும்பாலும் புனைபெயரில். பதிவு செய்ய வேண்டியதில்லை, பெயரோ மின்னஞ்சலோ கட்டாயமில்லை. நம் வலைப்பதிவுக் காலத்து அனானிகள் மாதிரி வந்து எழுதிவிட்டுப் போகலாம், எழுதியது உடனே தளத்தில் ஏறிவிடும்.

இதைக் கட்டுக்குள் வைக்க, சில கெட்ட வார்த்தைகளின் வேர்ச்சொல் இருந்தால் தானாகவே நீக்கும் வடிகட்டி ஒன்று இருந்தது. யார் வேண்டுமானாலும் அழுத்தக்கூடிய புகார் பொத்தான் ஒன்று இருந்தது, அழுத்தினால் அந்தப் பின்னூட்டம் சீக்கிரமே நீங்கும். பாதிக்கப்பட்டவர் நேராகத் தெரிவித்தாலும் நீக்குவார்கள். நிர்வாகிகள் சில சமயம் தாங்களாகவே பார்த்து நீக்கியதும் உண்டு. இது போக ஒரு விதிமுறைப் பக்கம்: கருத்துகள் எழுதியவருடையவை, டெல்ஃபி அவற்றைத் திருத்துவதில்லை, மிரட்டல் கூடாது, வசை கூடாது, எழுதியவரே பொறுப்பு.

இத்தனையும் இருந்தும் இருபதும் தப்பித்தது எப்படி? ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டிய இடம் இது.

வடிகட்டி வார்த்தையைப் பார்க்கும், வாக்கியத்தைப் பார்க்காது. எழுத்துக்கு நடுவில் புள்ளி வைத்தால் போதும், ஏமாந்துவிடும். இதைத் தமிழில் யோசித்துப் பாருங்கள். நம் சொல்லில் விகுதி ஏறும், சந்தி சேரும், ஒரே வசையைப் பத்து விதமாக எழுதலாம், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்களுக்கு எழுத்துக்கூட்டலுக்கு எல்லையே கிடையாது. அதையெல்லாம் பட்டியல் போட்டுப் பிடித்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். "உனக்கு நாள் குறிச்சாச்சு", "உன் வீடு எங்கேன்னு எங்களுக்குத் தெரியும்" என்று ஒருவர் எழுதினால் இதில் எந்த வார்த்தையை வடிகட்டி பிடிக்கும்? சாதியை வைத்து அவமதிப்பவர் அந்தச் சாதிப் பெயரைக்கூட எழுத வேண்டாம், ஒரு தொழிலின் பெயரையோ ஒரு சாப்பாட்டின் பெயரையோ எழுதினால் போதும், படிக்கிறவருக்கு எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தும். இன்னொரு பக்கம், தன்னை எப்படி வைதார்கள் என்று அந்தச் சொல்லை எடுத்துக்காட்டி முறையிடுகிறவரின் பின்னூட்டத்தை இதே வடிகட்டி நீக்கிவிடும். வைதவர் தப்பிப்பார், வாங்கியவர் மாட்டுவார்.

புகார் பொத்தானின் சிக்கல் வேறு. அதை யார் அழுத்துவார்கள்? பனிப்பாதைச் செய்தியின் கீழ் கூடியிருந்தவர்கள் எல்லாரும் ஒரே கோபத்தில் இருந்தவர்கள். அந்தக் கூட்டத்தில் எல்.-க்காகப் பொத்தானை அழுத்த யாருக்கும் தோன்றியிருக்காது, தோன்றியவர்கள் இரண்டாவது பின்னூட்டத்திலேயே பக்கத்தை மூடிவிட்டுப் போயிருப்பார்கள். ஒருவரைப் பற்றி எவ்வளவுக்கு எவ்வளவு ஒருமித்த வெறுப்பு இருக்கிறதோ அவ்வளவுக்கு அவ்வளவு இந்தப் பொத்தான் பயனில்லாமல் போகிறது. ஆனால் பாதுகாப்பு அதிகம் தேவைப்படுவது அவருக்குத்தானே.

கடைசியாக விதிமுறைப் பக்கம். அதை எழுதியவர்களைத் தவிர வேறு யாரும் படித்திருக்கமாட்டார்கள்.

இந்த ஏற்பாடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்றுண்டு: யாராவது வந்து சொல்லட்டும் என்று காத்திருப்பது. தளத்தின் பக்கத்திலிருந்து ஒரு மனிதர், இன்றைக்கு எந்தச் செய்தியின் கீழ் கூட்டம் சேர்கிறது, போய்ப் பார்ப்போம் என்று போனதாகத் தெரியவில்லை. 330 செய்தியில் எல்லாவற்றுக்கும் கீழே கொலை மிரட்டல் வராது. ஒரு ஊரே பாதிக்கப்பட்டிருக்கிறது, காரணமாக ஒரு நிறுவனம் இருக்கிறது, அதற்குப் பின்னால் எல்லாருக்கும் பெயர் தெரிந்த ஒரு ஆள் இருக்கிறார் என்றால் அந்தச் செய்தி வெடிக்கும் என்று பத்திரிகையில் கொஞ்ச காலம் வேலை பார்த்த யாருக்கும் தெரியும். ஸ்ட்ராஸ்பர்கின் முதல் அமர்வும் அதைத்தான் கவனித்தது.

முன்னெச்சரிக்கையும் இல்லாமல் போகவில்லை. பனிப்பாதைச் செய்திக்கு நாலு மாதம் முன்பு, 2005 செப்டம்பரில், எஸ்டோனிய வார இதழ் ஒன்று நீதித்துறை அமைச்சர் உள்ளிட்டவர்களுக்கு வெளிப்படையாக ஒரு கடிதம் எழுதி, இணையத்தில் ஆட்களைக் கொடூரமாகக் கேலி செய்வது நிற்கவேயில்லை என்று முறையிட்டது. அதில் டெல்ஃபியின் பெயரும் இருந்தது.

நீதிமன்றங்கள்

உள்ளூர்க் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2006 ஏப்ரலில் ஹார்யு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு பதிவானது. 2007 ஜூனில் தள்ளுபடி, டெல்ஃபி பிறர் எழுதியதைக் கடத்தும் வெறும் இடைநிலையாளர் என்று. மேல்முறையீட்டில் அது ரத்தாகித் திரும்ப வந்து, 2008 ஜூனில் டெல்ஃபி பொறுப்புத்தான், 5,000 குரோன் கொடு என்று தீர்ப்பானது. 2009 ஜூனில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. உச்ச நீதிமன்றம் சொன்ன காரணம் முக்கியமானது: பின்னூட்டம் எழுத அழைப்பது டெல்ஃபி, பின்னூட்டம் கூடினால் பார்வை கூடும், பார்வை கூடினால் விளம்பர வருமானம் கூடும், ஆக அதில் டெல்ஃபிக்கு லாபம் இருக்கிறது, அது வெறும் தபால்காரர் வேலை பார்க்கவில்லை.

டெல்ஃபி தன் கருத்துச் சுதந்திரம் மீறப்பட்டதாக ஸ்ட்ராஸ்பர்க் போனது. 2013 அக்டோபர் 10 அன்று ஏழு பேர் அமர்வு மீறல் இல்லை என்று ஒருமனதாகச் சொன்னது. பெரும் அமர்வு 2015 ஜூன் 16 அன்று 15-க்கு 2 என்ற கணக்கில் அதையே சொன்னது.

பெரும் அமர்வின் வாதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒரு சின்ன விவரம். டெல்ஃபியில் பின்னூட்டம் போட்டவர், போட்ட பிறகு அதைத் திருத்தவோ நீக்கவோ முடியாது. அந்த வசதி டெல்ஃபியிடம் மட்டும்தான். கோபத்தில் எழுதிவிட்டு மறுநாள் காலையில் வருந்துகிறவருக்குக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ள வழியில்லை. சரி, எழுதியவரே பொறுப்பு என்று விதிமுறையில் எழுதிவிட்டு, அந்தப் பொறுப்பை அவர் நிறைவேற்றும் ஒரே கருவியைத் தன் கையில் வைத்துக்கொண்டால் பொறுப்பும் கூடவே கைக்கு வந்துவிடுகிறது என்பது எனக்கு நியாயமாகவே படுகிறது. இதோடு அனானி விஷயத்தையும் சேர்த்துப் பாருங்கள்: எழுதியவரைத் தேடிப் பிடிக்கச் சரியான வழி இல்லாத ஏற்பாட்டைத் தளம் தானாக விரும்பி வைத்திருந்தது, அப்புறம் பாதிக்கப்பட்டவரிடம் எழுதியவர் மேல் வழக்குப் போடுங்கள் என்றால் அவர் எங்கே போவார்?

அவர்கள் எடைபோட்ட மற்ற விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். அந்த இருபது பின்னூட்டங்கள் சட்டத்துக்குப் புறம்பானவை என்று கண்டுபிடிக்க மொழியறிஞரோ வக்கீலோ வேண்டாம், படித்தாலே தெரியும். இணையம் முழுக்கத் தன்னைப் பற்றி என்ன எழுதுகிறார்கள் என்று தேடிக்கொண்டே இருக்கும் சக்தி தனி மனிதரைவிட ஒரு பெரிய வணிகத் தளத்துக்கு அதிகம். தண்டனையோ 320 யூரோ, டெல்ஃபியின் தொழிலை அது அசைக்கவில்லை, வழக்குக்குப் பிறகும் அனானிப் பின்னூட்டங்கள் தொடர்ந்தன. இந்தத் தீர்ப்பு தொழில்முறைச் செய்தித் தளங்களுக்கு மட்டும், யாரோ பொழுதுபோக்காக நடத்தும் பக்கத்துக்கோ சமூக வலைத்தளங்களுக்கோ பொருந்தாது என்றும் தெளிவாக எழுதினார்கள்.

எதிர்த்து எழுதிய இரண்டு நீதிபதிகள் ஷயோவும் த்சொட்சோரியாவும். அவர்களுடைய பயம் இதுதான்: புகார் வரும் முன்பே நீக்கியிருக்க வேண்டும் என்றால், தளம் இருபத்திநாலு மணி நேரமும் எல்லாவற்றையும் கண்காணிக்க வேண்டும்; அப்படிச் செய்ய முடியாதவர்கள் சந்தேகமானதையெல்லாம் நீக்குவார்கள், இல்லையென்றால் பின்னூட்டத்தையே மூடுவார்கள்; அரசு நேரடியாகச் செய்ய முடியாத தணிக்கையைத் தளங்கள் பயத்தில் செய்துகொடுக்கும்.

நான் பெரும்பான்மை பக்கம்தான். ஆனால் இந்த இரண்டு பேர் சொன்னதை ஒதுக்கிவிட முடியாது. டெல்ஃபி தீர்ப்பு இப்படிப்பட்ட பின்னூட்டங்களை 'உடனடியாக' நீக்கியிருக்க வேண்டும் என்கிறது, ஆனால் அந்தச் சொல்லுக்கு மணிக்கணக்கு கிடையாது. ஆறு வாரம் அதிகம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆறு மணி நேரம்? ஒரு இரவு? ஞாயிற்றுக்கிழமை? அதைத் திறந்து விட்டுவிட்டார்கள். திறந்து விட்ட இடத்தில் பின்னால் வேறு யாரோ நுழைய முடிந்தது, அதற்கு வருகிறேன்.

முடியாத வேலையா?

அதற்கு முன் ஒரு கணக்கு. இவ்வளவு பின்னூட்டத்தை யார் படிப்பது, நடக்கிற காரியமா என்பதுதான் எல்லாத் தளமும் சொல்லும் முதல் பதில். உச்ச நீதிமன்றத்தில் தோற்ற பிறகு டெல்ஃபி தனியாக மட்டுறுத்தர்கள் (பின்னூட்டங்களைப் படித்து, கூடாததை நீக்குகிறவர்கள்) குழு ஒன்றை வைத்தது. விதி மீறியவர் விதிமுறையைப் படித்து ஒப்புக்கொண்டால்தான் அடுத்த பின்னூட்டம் போட முடியும் என்றும் 2009-இல் மாற்றியது. டெல்ஃபியே சொன்ன கணக்குப்படி 2009 ஆகஸ்டில் வந்தவை 1,90,000 பின்னூட்டங்கள். நீக்கியவை 15,000, ஏறக்குறைய 8 சதவீதம், அதிலும் பெரும்பாலும் விளம்பரக் குப்பையும் சம்பந்தமில்லாதவையும்தான். அவதூறானவை அரை சதவீதத்துக்கும் குறைவு.

1,90,000-ஐ 31 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு ஆறாயிரத்துச் சொச்சம். ஒன்றைப் படித்து முடிவெடுக்கப் பத்து விநாடி என்று வைத்தால் பதினேழு மணி நேர வேலை. இரண்டு மூன்று பேர் ஷிப்ட் போட்டுச் செய்யலாம். அரை சதவீதம் என்று தாராளமாகவே எடுத்தாலும் மாதத்துக்கு 950, ஒரு நாளைக்கு முப்பது. நாட்டின் பெரிய தளம் ஒன்றுக்கு இது தாங்க முடியாத செலவு என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். பின்னூட்டத்தால் வரும் விளம்பரக் காசில் மூன்று பேர் சம்பளம் ஒரு பகுதி, அவ்வளவுதான். இதைத்தான் இந்த வழக்கிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்: பின்னூட்டப் பெட்டி இலவசமாக வருகிற பொருளடக்கம் கிடையாது, அதைப் படிக்க ஆள் வைக்கும் செலவோடு சேர்த்துத்தான் திறக்க வேண்டும், அந்தச் செலவுக்கு வழியில்லை என்றால் திறக்கவே கூடாது.

படிக்கிறவர்களுடைய நிலைமையையும் பேச வேண்டும். நாள் முழுக்க வசவையும் மிரட்டலையும் வாசிக்கிற வேலைக்கு அனுபவமில்லாத புதுப் பையனையோ பெண்ணையோ உட்கார வைத்துவிட்டு, சந்தேகம் வந்தால் கேட்க ஒரு மூத்த ஆசிரியர்கூடப் பக்கத்தில் இல்லாமல் விடுவது பெரிய அநியாயம்.

புடாபெஸ்ட், கோலாலம்பூர்

டெல்ஃபிக்கு ஏழரை மாதம் கழித்து, 2016 பிப்ரவரி 2 அன்று, அதே ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் ஹங்கேரி வழக்கொன்றில் தளங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இணையத் தளங்களின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒன்றும் இண்டெக்ஸ் என்ற செய்தித் தளமும் போட்ட வழக்கு அது. வீடு விற்கும் இணையதளங்கள் முப்பது நாள் இலவசம் என்று சொல்லிவிட்டு அப்புறம் காசு பிடுங்குகின்றன என்ற கட்டுரைக்கு வந்த பின்னூட்டங்கள் கொச்சையாக இருந்தன, ஆனால் யாரையும் கொல்லச் சொல்லவில்லை, இன வெறுப்பும் இல்லை. கொச்சைப் பேச்சு வேறு, கொலைத் தூண்டல் வேறு என்று பிரித்தார்கள். மட்டுறுத்தல் வேலையில் இருக்கிற யாரும் முதலில் கற்க வேண்டிய பிரிவு இதுதான். தடித்த வார்த்தையில் திட்டுகிற, ஆனால் நியாயமான வாடிக்கையாளரை நீக்கிவிட்டு, பண்பான மொழியில் ஒரு சமூகத்தையே விரட்டச் சொல்கிறவரை விட்டு வைக்கிற தளங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மலேசியாவில் நடந்தது நேர் எதிர். 2020 ஜூன் 9 அன்று மலேசியாகினி என்ற செய்தித் தளம், நீதிமன்றங்கள் ஜூலை 1 முதல் முழுமையாக இயங்கும் என்று தலைமை நீதிபதி உத்தரவிட்ட செய்தியைப் போட்டது. கீழே ஐந்து வாசகர்கள் நீதித்துறையைக் கடுமையாகத் தாக்கி எழுதினார்கள். ஜூன் 12-இல் காவல்துறை தொடர்பு கொண்டதும் பன்னிரண்டு நிமிடத்தில் நீக்கிவிட்டார்கள். அப்படியும் அரசுத் தலைமை வழக்கறிஞர் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை எடுத்தார். 2021 பிப்ரவரி 19 அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் ஆறுக்கு ஒன்று என்று மலேசியாகினியைக் குற்றவாளி என்றது. ஆசிரியர் ஸ்டீவன் கானை மட்டும் விடுவித்தது. அரசுத் தரப்பு கேட்ட அபராதம் 2 லட்சம் ரிங்கிட், நீதிமன்றம் போட்டது 5 லட்சம். மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய ஒரே நீதிபதி நளினி பத்மநாதன், அந்தப் பின்னூட்டங்கள் இருப்பது தெரியாதவர் மேல் அவற்றை வெளியிடும் எண்ணத்தைச் சுமத்த முடியாது என்று கருதினார். அபராதத் தொகையை வாசகர்கள் சில மணி நேரத்தில் திரட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

பெரும்பான்மைத் தீர்ப்பில் டெல்ஃபியும் எடுத்தாளப்பட்டது. எனக்கு மிகவும் வருத்தம் தந்த இடம் இது. எஸ்டோனியாவில் காப்பாற்றப்பட்டவர் கொலை மிரட்டலுக்கு ஆளான ஒரு தனி மனிதர், தண்டனை 320 யூரோ, பின்னூட்டங்கள் கிடந்தது ஆறு வாரம். கோலாலம்பூரில் காப்பாற்றப்பட்டது நாட்டின் ஆகப் பெரிய அதிகாரங்களில் ஒன்று, கிடந்தது மூன்று நாள், சொன்னதும் நீக்கியாகிவிட்டது, அபராதம் ஒரு சுதந்திரப் பத்திரிகையை மூழ்கடிக்கும் அளவு. ஷயோவும் த்சொட்சோரியாவும் பயந்தது இந்த மாதிரிப் பயன்பாட்டுக்குத்தான். பலவீனமானவரைக் காக்க எழுதிய அளவுகோலைப் பலமானவர் கையில் எடுத்துக்கொண்டால் அதே எழுத்து வேறு வேலை செய்கிறது.

இந்தியா இரண்டிலும் சேராது. டெல்ஃபி பெரும் அமர்வுத் தீர்ப்புக்கு மூன்று மாதம் முன்பு, 2015 மார்ச் 24 அன்று, ஸ்ரேயா சிங்கால் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் தண்டிக்கும் 66ஏ பிரிவை ரத்து செய்ததை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே தீர்ப்பில், பிறர் எழுதியதற்கான பொறுப்பிலிருந்து இடைநிலையாளரைக் காக்கும் 79-ஆம் பிரிவையும் சுருக்கிப் படித்து, நீதிமன்ற உத்தரவோ அரசு அறிவிப்போ வந்தால்தான் இடைநிலையாளருக்குத் 'தெரிந்ததாக' ஆகும் என்றது. அந்த அளவுகோலை வைத்தால் எல். அனுப்பிய வக்கீல் கடிதத்துக்குப் பயனே இல்லை. அரசியல்வாதிகள் புகார் மேல் புகாராக அனுப்பி எல்லாவற்றையும் நீக்கவைப்பதை இது தடுக்கிறது, அது நல்லதுதான். ஆனால் ஒரு சின்ன ஊரில் இருக்கும் பெண்ணைப் பற்றி ஒரு செய்தியின் கீழ் கூட்டமாக எழுதுகிறார்கள் என்றால், அவர் உத்தரவு வாங்கி வரும்வரை அது அங்கேயே இருக்கலாம் என்று ஒரு செய்தித் தளம் சட்டத்தைக் காட்டிப் பேசினால் எனக்கு ஏற்பில்லை. சட்டம் விட்டு வைப்பதால் பத்திரிகைக்காரருக்கு அது சரியாகிவிடாது.

வேறு தளங்கள் என்ன செய்தன

அமெரிக்காவின் பொது வானொலி நிறுவனமான என்பிஆர் 2016 ஆகஸ்டில் பின்னூட்டங்களை மூடியது. அவர்கள் சொன்ன காரணத்தில் ஒரு எண் இருக்கிறது: அந்த ஜூலையில் தளத்துக்கு வந்தவர்களில் பின்னூட்டம் எழுதியவர்கள் 0.06 சதவீதம் மட்டும். அவ்வளவு சிலருக்காக அவ்வளவு வேலை வேண்டாம் என்ற முடிவு. புரிகிறது, ஆனால் எழுதாமல் படிக்கிறவர்கள் எத்தனை பேர் என்பதை அந்த எண் சொல்லாது.

பிரிட்டனின் கார்டியன் அதே வருடம் தன் தளத்தின் 7 கோடிப் பின்னூட்டங்களை அலசியது. சுமார் 14 லட்சம், அதாவது 2 சதவீதம், மட்டுறுத்தர்கள் தடுத்தவை. அதிகம் தாக்கப்பட்ட பத்துக் கட்டுரையாளர்களில் எட்டுப் பேர் பெண்கள், மீதி இரண்டு பேர் கறுப்பின ஆண்கள். இந்த ஆய்வை நம் தளங்கள் யாராவது தங்கள் தளத்தில் செய்து பார்த்து வெளியிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. முடிவு வேறு மாதிரி இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, சாதியும் கூடச் சேரும். இனம், குடியேற்றம், இஸ்லாம் பற்றிய கட்டுரைகளுக்குக் கவனிக்க ஆள் இருக்கும்போது மட்டும் பின்னூட்டம் திறப்பது என்று கார்டியன் அந்த ஆண்டு முடிவெடுத்தது. நியூயார்க் டைம்ஸ் அதற்கு முன்பிருந்தே பத்தில் ஒரு கட்டுரைக்கு மட்டும்தான் திறந்து வைத்திருந்தது, எல்லாவற்றையும் ஆட்கள் படித்த பிறகே வெளியிட்டது. 2017-இல் கூகுள் குடும்பத்தின் ஜிக்ஸா நிறுவனத்தின் மென்பொருள் உதவியோடு அதை 25 சதவீதம் ஆக்கியது. மென்பொருள் வரிசைப்படுத்திக் கொடுத்தது, மனிதர்களும் இருந்தார்கள்.

எனக்குப் பிடித்தது நார்வே அரசு ஒலிபரப்பு நிறுவனத்தின் என்ஆர்கேபீட்டா தளம் 2017-இல் செய்தது. பின்னூட்டம் போடும் முன் கட்டுரையிலிருந்து மூன்று கேள்வி, சரியாகப் பதில் சொன்னால்தான் பெட்டி திறக்கும். தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் பாய்கிறவரைக் கட்டுரைக்குள் ஒரு தடவை அனுப்பிவிட்டு வரவைக்கிறது. கேள்வி தயாரிக்க ஆசிரியருக்குச் சில நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

நம் பக்கத்தில் ஒரு சின்னத் தளம், நாலைந்து பேர் வேலை பார்க்கிற இடம் என்றால் என்ன செய்யலாம்? எல்லாச் செய்திக்கும் பெட்டியைத் திறக்காதீர்கள். காலையில் செய்திக் கூட்டத்தில் இன்றைக்கு எது வெடிக்கும் என்று பேசி, அதற்குக் கீழே யார் உட்காருவது என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். ஆள் வீட்டுக்குப் போகும்போது பெட்டியையும் மூடிவிட்டுப் போகலாம், காலையில் திறந்துகொள்ளலாம், வாசகர் யாரும் இதற்காகக் கோபித்துக்கொண்டு ஓடிவிடமாட்டார். எழுதியவர் தன் பின்னூட்டத்தைத் தானே நீக்கும் வசதி கட்டாயம் வேண்டும். நீக்கினால் எதை, எப்போது, எந்தக் காரணத்துக்கு என்று குறித்து வையுங்கள். எழுதியவர் கேட்டால் காரணம் சொல்லுங்கள், தவறாக நீக்கியிருந்தால் திரும்பப் போடுங்கள். புகார் சொல்ல ஒரு மின்னஞ்சலும், அதைத் தினமும் திறந்து பார்க்கிற ஒரு ஆளும் இருக்க வேண்டும்.

இதற்குக்கூட ஆளில்லை என்றால், வாரத்துக்கு ஒரு முறை பெயரோடு வரும் கடிதங்களைத் தேர்ந்தெடுத்து வெளியிடுங்கள், வாசகர் கடிதம் பகுதியை வருடக்கணக்காக அப்படி நடத்திய பத்திரிகைகள் நம்மிடம் நிறைய உண்டு.